எதைப் பேசுவது?

தமிழர் நாலு பேர் ஓர் ஊரில் போய்ச் சேர்ந்தால் முதலில் ஒரு முருகன் கோயில் எழும்பும், பிறகு ஒரு சங்கம் எழும்பும், அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் ஒரு பட்டிமன்ற மேடை எழும்பும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மைசூரும் இதற்கு விலக்கன்று. பொங்கல் விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே மண்டபம் பேசி முடித்துவிடுகிறோம். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் போய்விடுகிறது. நடுவருக்குப் போர்த்தும் பொன்னாடைகூட வாங்கி வைத்தாகிவிடுகிறது. கடைசி வரை தயாராகாமல் நிற்பது தலைப்பு ஒன்றுதான்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது செயற்குழுவில் யாராவது ஒருவர், "போன தடவை வைத்ததையே கொஞ்சம் மாற்றி வைத்துவிடலாமே ஐயா" என்பார். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும். இல்லற மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா? கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? பணமா, பாசமா? இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தே பத்துப் பொங்கலை ஓட்டிவிடலாம். பேச்சாளர்களுக்கும் சிரமமில்லை. நகைச்சுவைத் துணுக்குகள் கைவசம் இருக்கின்றன. நடுவர் "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வார். கைதட்டுவோம், சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். சிரிப்பதற்காகக் கூடுகிறோம், சிரித்துவிட்டுப் போகிறோம். தமிழ்நாட்டில் இருப்பவர் இப்படிக் கேட்டால் நானும் தலையாட்டிவிடுவேன். அங்கே ஒரு மேடை வீணானால் ஒன்பது மேடை இருக்கிறது. நம் நிலை வேறு. நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழ் "சாப்பிட்டாயா, குளித்தாயா, செல்போனைக் கீழே வை" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஒரு கருத்தை எடுத்து, காரணம் சொல்லி, மறுத்து, விட்டுக்கொடுத்துத் தமிழில் நாலு பேர் பேசுவதை அவர்கள் கேட்கும் இடம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கூடும் இந்தக் கூட்டம் ஒன்றே. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் காதில் விழுவது பழைய துணுக்காக இருந்தால், தமிழ் என்பது துணுக்குச் சொல்வதற்கான மொழி என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால், பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டதாகவே தெரிகிறது.

ஆகவே தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பட்டிமண்டபம் என்ற சொல் பழையது. சிலப்பதிகாரத்தில், சோழனுக்கு மகத நாட்டு வேந்தன் கொடுத்த பட்டிமண்டபம் பற்றிக் குறிப்பு வருகிறது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், பல சமயத்தாரும் பட்டிமண்டபத்தில் ஏறி முறையாக வாதிடட்டும் என்று அறிவிக்கிறான். அன்று பேசப்பட்டது சமயத் தத்துவம். தோற்றவர் தம் நெறியையே விட்டுவிட நேரலாம். அத்தனை கனமான பொருள்.

நம் காலத்துப் பட்டிமன்றத்துக்கு வழி போட்டதில் காரைக்குடிக் கம்பன் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சா. கணேசன் அவர்கள் 1939-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் விழாக்களில் கம்பனின் பாத்திரங்களையே வாதப் பொருளாக்கினார்கள். குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து அந்த மேடையைச் சமுதாயப் பிரச்சினைகளுக்கும் திறந்துவிட்டார். 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தபின், மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா அவர்களின் குரல் பண்டிகைக் காலையில் இட்லியோடு சேர்ந்து வீட்டுக்கு வரும் வழக்கமாயிற்று. அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது மகிழாத தமிழ்க் குடும்பம் இருந்திராது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சித் தலைப்பு கோடிப் பேருக்கானது. கோவில்பட்டியில் இருப்பவருக்கும் கோலாலம்பூரில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். அதனால் யார் வீட்டுக்கும் சொந்தமாகாத பொதுத் தலைப்பைத்தான் அவர்கள் வைக்க முடியும். நாம் இருநூறு பேர். எல்லாரும் ஒரே ஊரில் இருக்கிறோம். ஒரே சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். நமக்கு எதற்குக் கோடிப் பேரின் தலைப்பு?

ரங்காசார்லுவின் சபை

நம்மைச் சுற்றியே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. தேவராஜ மொஹல்லாவில் இருப்பவர்கள் சந்தைக்கு எதிரே உள்ள சிக்க கடியாரத்திலிருந்து கிழக்கே சற்று நடந்தால் தொட்ட கடியாரம் வரும். அதன் அருகில் நாம் எல்லாரும் டவுன் ஹால் என்று சொல்லும் கட்டடம் இருக்கிறது. அதன் முழுப்பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். அந்த ரங்காசார்லு நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளில் ஒன்று செட்டிபுண்ணியத்தைக் குறிப்பது. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் உள்ள அந்த ஊரின் ஹயக்ரீவர் சந்நிதிக்குத்தான் தேர்வுக்கு முன் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பேனாவை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

ஐம்பது ஆண்டு ஆங்கிலேயர் நேரடி நிர்வாகத்துக்குப் பிறகு 1881 மார்ச்சில் மைசூர் ஆட்சி சாமராஜேந்திர உடையாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ரங்காசார்லு திவானானார். அதே ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தசராவை ஒட்டி, மைசூரில் ஒரு சபை கூடியது. மைசூர்ப் பிரஜா பிரதிநிதி சபை என்பது அதன் பெயர். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் ஓரிரு நிலமுடைய விவசாயிகள், ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் சில வணிகர்கள் என்று மொத்தம் 144 பேர் வந்திருந்தார்கள். சுதேச சமஸ்தானங்களில் இப்படியொன்று அதற்குமுன் கூடியதில்லை. காங்கிரஸ் மகாசபையே 1885-இல்தான் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. திவான் வரவு செலவையும் நடந்த வேலைகளையும் எடுத்துச் சொல்வார். வந்தவர்கள் தங்கள் ஊர்க் குறைகளையும் தேவைகளையும் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் மைசூர் நாட்டில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். அது நடந்து மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. வந்த விவசாயி மகாராஜாவின் பெருமையையோ தசராவின் சிறப்பையோ பேசுவதற்காக மாட்டு வண்டியில் அத்தனை தூரம் வந்திருக்க மாட்டார். உடைந்த ஏரி, வண்டி போக முடியாத பாதை, காட்டில் மாடு மேய்க்கத் தடை, வரி என்று ஊர் மண் ஒட்டிய விஷயங்களைத்தான் கொண்டு வந்திருப்பார். திவான் பேசியதில் ரயில் பாதை முக்கிய இடம் பெற்றது. ரயில் வந்தால் அடுத்த பஞ்சத்தில் தானியம் வந்து சேரும் என்பது அன்றைய கணக்கு. பெங்களூர் மைசூர் ரயில் மறு ஆண்டே ஓடத் தொடங்கிற்று.

ரங்காசார்லு 1883 ஜனவரியில் காலமானார். அடுத்து வந்த திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். அவர் காலத்தில் சபை தொடர்ந்தது, 1891 முதல் உறுப்பினர்கள் தேர்தல் மூலம் வரத் தொடங்கினார்கள். ஜகன்மோகன் அரண்மனையில் ஆண்டுதோறும் கூடி வந்த அந்தச் சபை 1949 வரை நீடித்தது. இன்று அந்த அரண்மனைக்கு ஓவியம் பார்க்கப் போகிறோம். கண்காட்சி மண்டபத்தைப் பார்க்கும்போது, இங்கேதான் சித்ரதுர்கத்துக்காரர் தம் ஊர் ஏரியைப் பற்றிப் பேசினார் என்று பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

நான் இங்கே சொல்ல வந்தது, தலைப்பைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை. கூட்டத்தைக் கூட்டியவர் திவான்தான். ஆனால் பேசும் பொருளில் பாதி, பேச வந்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டு வந்தது. நம் சங்கங்களில் இது தலைகீழ். ஏழு பேர் உட்கார்ந்து இருநூறு பேருக்குத் தலைப்பு எழுதுகிறோம்.

அந்தச் சபையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சிறுமியர் திருமணம் பற்றிய பேச்சு அங்கே நடந்தது. அதைத் தொடர்ந்து 1894-இல் எட்டு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் திருமணம் செய்வதையும், ஐம்பது வயது கடந்தவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் மைசூர் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. ஆங்கிலேய இந்தியாவில் சாரதா சட்டம் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டு முன்பு நடந்தது இது. பெருமைதான். ஆனால் ஏழு வயதுப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி நிலக்கிழாரும் வியாபாரியும் பேசிய அந்தச் சபையில் பேருக்குக்கூட ஒரு பெண் இல்லை. பெண்கள் வாக்களிக்க வழி பிறந்தது 1923-இல்தான்.

நம் செயற்குழுவிலும் தலைப்புத் தேர்வு நடக்கும் நேரத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் கோலப் போட்டிக்கும் பரிமாறுவதற்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வரிக்குள்ள வலிமை

தலைப்பு ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள்ள வலிமைக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1933 பிப்ரவரி 9-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் ஒரு விவாதம் நடந்தது. எந்தச் சூழ்நிலையிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்பது தீர்மானத்தின் சாரம். ஆதரவாக 275 பேர், எதிராக 153 பேர் வாக்களித்தார்கள். இங்கிலாந்தே அதிர்ந்தது. போரும் சமாதானமும் என்று மட்டும் தலைப்பு வைத்திருந்தால் மறுநாள் யாருக்கும் நினைவிருந்திருக்காது. "எந்தச் சூழ்நிலையிலும்" என்ற இரண்டு சொல்தான் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்தது. இட்லர் ஜெர்மனியில் பதவியேற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் ஊரை அதிர வைக்க வேண்டியதில்லை. ஆனால் தலைப்பில் ஒரு கூர்மை வேண்டும். கேட்டவுடன் ஒருவர் "ஆமாம்" என்றும் பக்கத்தில் இருப்பவர் "அதெப்படி?" என்றும் சொல்ல வேண்டும். "பணமா பாசமா" என்று கேட்டால் யாரும் "அதெப்படி" என்று கேட்கமாட்டார்கள். பாசம் என்பதே விடை என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது பள்ளிக்கூடத் தேர்வுக்குச் சரி, மனிதர் கூடும் இடத்துக்குச் சரியில்லை.

பாரிசில் இன்னொரு வழி கண்டார்கள். 1992-இல் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர், பாஸ்தீய் சதுக்கத்தில் உள்ள ஒரு காப்பிக் கடையில் ஞாயிறு காலைகளில் விவாதம் நடத்தத் தொடங்கினார். தலைப்பு முன்கூட்டி அச்சிடப்படுவதில்லை. வந்து உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உடனே பேச்சு தொடங்கும். அந்த வழக்கம் பல ஊர்களுக்குப் பரவியது. நம்மவர்களுக்கு அவ்வளவு தைரியம் வராது, அழைப்பிதழில் தலைப்பு இல்லாவிட்டால் கூட்டமே இல்லை என்று நினைத்துவிடுவோம். ஆனாலும் காப்பிக் கடைப் பேச்சு நம் ஊருக்குப் புதிதா என்ன? மசால் தோசையும் காப்பியும் முன்னால் இருந்தால் தலைப்பு தானாக வந்துவிடும்.

நாம் தொடாத ஒன்று

கர்நாடகத்தில் வாழும் தமிழர் மேடையில் ஒருபோதும் வைக்காத தலைப்பு எது என்று சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணராஜ சாகர் இங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். உறவினர் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம். ஆனால் காவிரி என்ற சொல் சங்க மேடையில் ஆடிப்பெருக்குக் கவிதையில் மட்டும் வரும்.

காரணம் நியாயமானது. 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை அடுத்து அந்த ஆண்டு டிசம்பரில் நடந்ததை அனுபவித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைப் பலகையில் தமிழ் எழுத்தை மறைத்தவர்கள், பேருந்தில் பிள்ளையிடம் "பேசாமல் வா" என்று சைகை காட்டியவர்கள், இரவோடிரவாக ஊர் போனவர்கள். 2016-இலும் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. அதேசமயம், அந்த நாட்களில் நம்மில் பலரைத் தம் வீட்டுக்குள் அழைத்து வைத்துக்கொண்டவர்கள் கன்னட அண்டை வீட்டார்தான் என்பதையும் மறந்துவிடலாகாது. இப்படிப்பட்ட ஒன்றைப் பொங்கல் மேடையில் ஒலிபெருக்கி வைத்து இரண்டு அணி பிரித்துப் பேசுவது புத்திசாலித்தனமல்ல. என் கருத்தும் அதுவே.

ஆனால் பேசவே முடியாத பொருள் என்று ஒன்று இருக்கிறதா என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்குக் காரணம் காவிரிக் குடும்பம். 2002-இல் மழை பொய்த்து இரு மாநிலமும் கொதித்துக் கிடந்தது. 2003 ஏப்ரலில் சென்னையில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் அவர்களின் முயற்சியால் இரு மாநில விவசாயிகளும் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். டெல்டாவிலிருந்து மன்னார்குடி ரங்கநாதன் போன்றோர், மண்டியா பக்கத்திலிருந்து கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்துப் புட்டண்ணையா போன்றோர். பிறகு ஒருவர் நிலத்தை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். தஞ்சைப் பக்கம் வெடித்துக் கிடந்த வயலை மண்டியாக்காரரும், இங்குள்ள வாய்க்கால்களின் வறட்சியைத் தஞ்சைக்காரரும் கண்ணால் கண்டார்கள்.

பங்கீட்டுச் சிக்கலை அவர்கள் தீர்த்துவிடவில்லை. அது 2007-இல் நடுவர் மன்றத் தீர்ப்பாகவும், 2018 பிப்ரவரியில், பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவும்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்து பேச முடிந்ததற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளே காரணம் என்று நான் நினைக்கிறேன். "தண்ணீர் யாருடையது?" என்று தொடங்கியிருந்தால் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கலைந்திருப்பார்கள். மழை குறைந்த ஆண்டில் கஷ்டத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதே அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி. நல்ல ஆண்டில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை. மோசமான ஆண்டில் இரண்டு பக்கத்தாருக்கும் வேறு கேள்வியே இல்லை. பொருள் அதேதான். கேட்ட விதம் மாறியபோது எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

இதை நாம் அப்படியே எடுத்து மேடையேற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. நம் வீட்டுச் சிக்கல்களுக்கு இந்த வழி பொருந்துகிறதா பார்ப்போம்.

வீட்டுக்குள்ளிருந்து

நம்மில் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. கும்பகோணம் பக்கமோ, சேலம் பக்கமோ, திருநெல்வேலியோ. அப்பா இருந்தவரை ஆண்டுக்கு ஒரு முறை போனோம். இப்போது பூட்டிக் கிடக்கிறது, ஓடு சரிகிறது, வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம். விற்கலாம் என்று மைசூர்த் தம்பி சொல்கிறார். கூடாது என்று துபாய் அண்ணன் சொல்கிறார், அவர் வந்து பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. அக்காவை யாரும் கேட்கவேயில்லை. அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டத்தைத் திருத்தியது. கர்நாடகம் 1994-இல் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

"பூர்விக வீடு: காப்பதா, விற்பதா?" என்று இதை வைத்தால் அழுகையும் உணர்ச்சியும் நிறைய வரும், முற்றமும் ஊஞ்சலும் பற்றிக் கவிதை வரும், வேறொன்றும் வராது. "ஊர் வீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் யார்?" என்று வைத்துப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் அக்காவும் அத்திம்பேரும் மச்சானும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு வழக்கறிஞரை நடுவில் உட்கார வைத்தால் தமிழோடு சட்டமும் கிடைக்கும்.

பிள்ளைகள் பக்கம் வருவோம். 2015-இல் வந்த சட்டப்படி கர்நாடகப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கன்னடம் கட்டாயம், 2017-18 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. வாழும் ஊரின் மொழி தெரியாமல் இருப்பதுதான் குறை. ஆனால் கன்னடம், ஆங்கிலம், இந்தி மூன்றையும் எழுதப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எப்போது வரும் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் கேள்வி. வழக்கமாக நாம் இதை "தாய்மொழிப் பற்று குறையக் காரணம் பெற்றோரா, பிள்ளைகளா?" என்று வைத்து, பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அவர்கள் எதிரிலேயே திட்டுகிறோம். அடுத்த ஆண்டு அவர்கள் ஏன் வருவார்கள்?

"பாட்டியிடம் பேசத் தமிழ் போதும், எழுத்து எதற்கு?" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டால் அதையே தலைப்பாக வைக்கலாம். இரண்டு பக்கமும் பிள்ளைகளையே பேச விட வேண்டும், கன்னடச் சொல் கலந்தாலும் பரவாயில்லை. "யாக்கே அப்பா, எழுத்து வேணும்?" என்று ஆரம்பிக்கும் பையன் ஐந்து நிமிஷம் வாதாடிவிட்டால் அதுவே ஒரு பெரிய வெற்றி. எழுத்து வேண்டும் என்று சொல்லும் பக்கத்துக்கு நல்ல சான்று இதே ஊரில் இருக்கிறது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமையகம் 1966-இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் அதில் இருந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் சோழர் எழுத்து இருந்தது, நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

சரி, இப்படிப்பட்ட தலைப்புகள் எப்படிக் கிடைக்கும்? யோசித்து உட்கார்ந்தால் கிடைக்காது என்பது என் அனுபவம். யோசித்தால் "பணமா பாசமா"தான் வரும். கேட்டால்தான் கிடைக்கும். விழா அழைப்பிதழோடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பலாம். "இந்த ஆண்டு உங்கள் வீட்டில் முடிவு காணாமல் நிற்கும் பேச்சு எது?" என்று ஒரே கேள்வி. குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்றால் குடும்பத் தலைவர் எழுதிக் கொடுத்துவிடுவார், 1881-இல் நடந்த கதைதான். ஆளுக்கொரு சீட்டு என்று வைக்க வேண்டும். பாட்டிக்கும் ஒன்று, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒன்று. பெயர் எழுத வேண்டாம். கையெழுத்தைப் பார்த்து இது நம் மருமகள் எழுதியது என்று மாமியார் கண்டுபிடித்துவிடக் கூடும், ஆதலால் வந்ததையெல்லாம் ஒருவர் படியெடுத்துவிட்டு மூலத்தைக் கிழித்துப் போட்டுவிடுவது நல்லது. ஒரே விஷயம் நாலைந்து சீட்டில் வேறு வேறு வார்த்தையில் வந்திருந்தால் அதுதான் தலைப்பு. ஒரே ஒரு சீட்டில் மட்டும் வந்திருப்பது அந்த வீட்டுச் சங்கதி, அதை மேடைக்குக் கொண்டு வருவது பாவம்.

நடுவர் தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றும் கேட்க ஆசை. பொன்னாடை வாங்கியாகிவிட்டது, அதனால் நடுவர் இருக்கட்டும். ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தைத் தீர்ப்புக்குக் கொடுக்காமல், எதிரணி சொன்னதில் எது உங்களை யோசிக்க வைத்தது என்று ஒவ்வொரு பேச்சாளரையும் கேட்டால் சபை காது கொடுத்துக் கேட்கும்.

சந்தையைப் பற்றி

வரும் கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு ஒரு தலைப்பை நானே முன்மொழிகிறேன். நம் தேவராஜ சந்தை. சயாஜி ராவ் சாலையில் தசரா யானை ஊர்வலம் பார்க்க நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த நூற்றாண்டு கடந்த கட்டடம். மைசூர் மல்லிகையும் நஞ்சன்கூடு ரசபாளே வாழையும் வெற்றிலையும் குங்குமக் குவியலுமாக நூற்றுக்கணக்கான கடைகள். 2012 ஆகஸ்டில் அருகில் உள்ள லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் சந்தையின் வடக்கு வாயிலே சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு நிபுணர் குழு சொன்னது. பழுது பார்த்துக் காப்பாற்றலாம் என்று வேறு நிபுணர்கள் சொன்னார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

பாரம்பரியம் என்று சொல்பவர் பெரும்பாலும் சந்தைக்கு மாதம் ஒரு முறை போகிறவர். உள்ளே உட்கார்ந்து பூக் கட்டுகிறவருக்குத் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றிய கவலை வேறு. இடித்துக் கட்டும் ஆண்டுகளில் கடை எங்கே, திரும்பி வந்தால் வாடகை எவ்வளவு என்பது இன்னொரு கவலை. மாடம் விட்டு மாடம் நான்கு தலைமுறையாகப் பழகிய வாடிக்கை போய்விடுமே என்பது மற்றொன்று. இது நம் ஊர்ப் பிரச்சினை. இதில் தமிழர் கன்னடர் என்ற பிரிவு இல்லை. வந்தேறிகள் என்று நம்மை நாமே ஒதுக்கிக்கொள்ளாமல் ஊர்க்காரராகப் பேசக் கூடிய பொருள் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். பேச்சைத் தமிழில் வைத்துக்கொண்டு, இரண்டு கன்னட நண்பர்களை விருந்தினராக அழைத்து, அவர்கள் கன்னடத்தில் பேசினாலும் நமக்குப் புரியாமல் போகாது.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பேச்சாளர்கள் எல்லாரும், பிள்ளைகள் உட்பட, சிக்க கடியாரத்தடியில் கூடிச் சந்தைக்குள் ஒரு சுற்று வர வேண்டும். பூ வரிசை அந்த நேரத்தில்தான் களை கட்டியிருக்கும். கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம், ஆனால் வியாபார நேரம் என்பதால் கால் கிலோவாவது வாங்கிக்கொண்டு கேட்பது மரியாதை. பை கொண்டு வரவும்.